அழுத்தம் ஏறிய எலி, இதயம் தளர்ந்த எலி: வலது இதயச் செயலிழப்புக்கு எந்த மாடல்?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது பெங்களூரில் பிஎச்டி தொடங்கியிருக்கும் ஒருவரின் கேள்வி இது. நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்தில் இதயத்தின் வலது பக்கம் எப்படிச் செயலிழக்கிறது என்று அவர் ஆராய வேண்டும். அதற்கு அந்த நோயைச் செயற்கையாக உருவாக்கிய விலங்கு, அதாவது ஒரு மாடல், வேண்டும். மோனோகுரோட்டலின் என்ற செடி விஷத்தை ஊசியாகப் போட்ட எலியே போதும் என்கிறார் கைடு. ஒரு மருந்தையும் ஆக்சிஜன் குறைவையும் சேர்த்துக் கொடுக்கும் சுஜென்–ஹைபாக்சியா எலிதான் இப்போதைய வழக்கம் என்கிறார் லேபில் இருக்கும் சீனியர். நுரையீரல் தமனியைச் சுற்றிக் கட்டுப் போடும் பேண்டிங் அறுவை சிகிச்சைதான் சரி என்கிறார் இன்னொருவர். "மூன்றிலும் அழுத்தம் ஏறுகிறது, வலது கீழறை தடிக்கிறது. எதை எடுத்தாலும் வலது இதயச் செயலிழப்பு என்று எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

எழுதக் கூடாது. இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழையே அதுதான். அழுத்தம் ஏறிய எலி வேறு, இதயம் தளர்ந்த எலி வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் மாடலைத் தேர்ந்தெடுப்பது எளிது. பிடிபடாவிட்டால் மூன்று வருடம் வேலை செய்து, நுரையீரலைப் பற்றிய ஒரு தீசிஸை இதயத்தின் பெயரில் எழுதி முடிப்பீர்கள்.

முதலில் வலது கீழறையைப் பற்றிக் கொஞ்சம். மனிதருக்கு அதன் சுவர் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். இடது கீழறையின் சுவரில் அது பாதிகூட இல்லை. இடது கீழறையை ஒரு பக்கமாகத் தழுவிக்கொண்டு பிறை வடிவில் இருக்கும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் இயல்பாக 14 மி.மீ. பாதரசம் அளவில்தான் இருப்பதால், குறைந்த அழுத்தத்தில் நிறைய ரத்தத்தைத் தள்ளுவதற்கேற்ப அது அமைந்திருக்கிறது. இயல்பான நிலையில் அதன் தசைக்கு, இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் ரத்தம் ஓடும். கீழறைக்குள் அழுத்தம் ஏறியதும் சுருங்கும் நேரத்து ஓட்டம் குறைந்துவிடுகிறது. அதாவது வேலை கூடும்போதே அந்த வேலைக்கான ரத்தம் குறைகிறது.

1973-ல் ஜெனீவாவில் கூடிய நிபுணர்கள் வகுத்த வரையறைப்படி சராசரி அழுத்தம் 25-ஐத் தொட்டால் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். 2018 உலக மாநாட்டில் அதை 20-க்கு மேல் என்று இறக்கினார்கள். ஆனால் நோயாளி எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார் என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்வதில்லை, வலது கீழறையின் நிலைதான் சொல்கிறது. 2011-ல் ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று எம்ஆர்ஐ வைத்து இதைத் தெளிவாகக் காட்டியது. மருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு குறைந்தும் சிலருக்கு வலது கீழறை தொடர்ந்து மோசமானது. அவர்களே சீக்கிரம் இறந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்து ஐசன்மெங்கர் நிலைக்குப் போனவர்களுக்கு நுரையீரல் அழுத்தம் உடலின் ரத்த அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும். இருந்தும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். பிறந்ததிலிருந்தே அவர்களுடைய வலது கீழறை தடிப்பாகவே இருந்து பழகியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே இதயம் தளர்ந்துவிடுகிறது. ஆக, அழுத்தம் மட்டும் முடிவு செய்வதில்லை.

எலியில் இதைச் சோதித்துக் காட்டிய வேலை ஒன்று இருக்கிறது. மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்கள் படிக்க வேண்டியது அதைத்தான். 2009-ல் போகார்ட், ஃபோல்கெல் குழுவினர் 'சர்குலேஷன்' இதழில் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் நுரையீரல் தமனியில் கட்டுப் போட்ட எலிகள், மறுபக்கம் சுஜென்–ஹைபாக்சியா எலிகள். இரண்டிலும் வலது கீழறையின் மேல் சுமை ஏறியிருந்தது. கட்டுப் போட்ட எலிகளின் கீழறை தடித்தது, ஆனால் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தது. சுஜென்–ஹைபாக்சியா எலிகளின் கீழறையோ விரிந்து தளர்ந்தது. வெட்டிப் பார்த்தபோது தசையில் நுண்குழாய்கள் குறைந்திருந்தன, நார்த்திசு படர்ந்திருந்தது, செல்கள் மடிந்திருந்தன.

அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. கட்டுப் போட்ட எலிகளுக்குத் தாமிரச் சத்து குறைந்த தீனி கொடுத்தார்கள். புது நுண்குழாய்கள் வளரத் தாமிரம் வேண்டும். அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்த அதே வகை எலிகள் இப்போது நுண்குழாய்களை இழந்து, நார் படர்ந்து, செயலிழந்தன. மறுபக்கம் சுஜென்–ஹைபாக்சியா எலிகளுக்கு, செல்லின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைத் தூண்டும் ஒரு பொருளைக் கொடுத்தபோது அழுத்தம் அப்படியே இருக்க, கீழறை மட்டும் காப்பாற்றப்பட்டது. இரண்டு திசையிலும் இதயத்தை அழுத்தத்திலிருந்து பிரித்துக் காட்டிவிட்டார்கள். இவ்வளவு சுத்தமான தர்க்கம் உள்ள விலங்குச் சோதனை இந்தத் துறையில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுப் போட்டால் இதயம் தளரவே தளராது என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டை இறுக்கிப் போட்டால் அந்த எலிகளிலும் ஒரு பகுதி செயலிழக்கும் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. வேகமாக மூச்சு வாங்குவது, வயிற்றில் நீர், சோர்வு எல்லாமே வந்தன.

இனி கைடு சொன்ன மோனோகுரோட்டலின். இது கிலுகிலுப்பைக் குடும்பச் செடியின் விஷம். காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதைகள் குலுங்கும் அந்தச் செடிகள்தான். நம் ஊர் வயலில் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழும் சணப்பும் அதே பேரினம். 1967-ல் கே, ஹாரிஸ், ஹீத் மூவரும் இந்த இனத்தில் ஒன்றின் விதையை எலிகளுக்குத் தீனியில் கொடுத்து, நுரையீரல் அழுத்தம் ஏறுவதைக் காட்டினார்கள். இப்போது விதைக்குப் பதிலாகச் சுத்திகரித்த மோனோகுரோட்டலினை, எலியின் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு ஊசியாகப் போடுகிறார்கள். மூன்று, நான்கு வாரத்தில் அழுத்தம் நன்றாக ஏறிவிடும். அதன்பிறகு எலிகள் சாகத் தொடங்கும். செலவு குறைவு, திறமை தேவையில்லை, சீக்கிரம் முடியும். இந்தியாவில் பல லேப்களில் இது நிலைத்துவிட்டதற்கு இவைதான் காரணம்.

பிரச்சினை இந்த விஷம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. மோனோகுரோட்டலின் நேரடியாக நுரையீரலைத் தாக்குவதில்லை. கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ நொதிகள் அதைப் பைரோல் என்ற வீரியமான வேதிப்பொருளாக மாற்றுகின்றன. அது ரத்தத்தில் போய் நுரையீரல் குழாய்களின் உட்சுவரைப் பதம் பார்க்கிறது. சுண்டெலியின் கல்லீரல் இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்யாததால் சுண்டெலியில் இந்த மாடல் ஒழுங்காக வருவதில்லை. இப்போது யோசியுங்கள்: நீங்கள் சோதிக்கும் மருந்து அந்தக் கல்லீரல் நொதியைக் கொஞ்சம் தடுத்தாலும் போதும், விஷமே குறைவாக உருவாகும், எலி நன்றாக இருக்கும். மருந்து இதயத்தைக் காப்பாற்றியது என்று நீங்கள் எழுதுவீர்கள். ஊசி போட்ட அன்றே மருந்தையும் தொடங்கும் ஆய்வுகளில் இந்த ஆபத்து முழுதாக இருக்கிறது. எத்தனையோ பொருட்கள் மோனோகுரோட்டலின் எலியைக் "குணப்படுத்தி" இருக்கின்றன. அவற்றில் நோயாளியின் படுக்கை வரை வந்தவை மிகக் குறைவு.

இன்னொன்று, இந்த விஷம் இதயத்தையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் நேரடியாகப் பாதிக்கிறது. வலது, இடது இரண்டு கீழறைகளிலும் அழற்சி தெரியும். அப்படியிருக்க, எலியின் வலது கீழறை தளர்ந்தால் அது சுமையாலா, விஷத்தாலா? இந்த ஒரு மாடலை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கல்லீரல் பாதிப்பு என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் விஷயமும் இல்லை. 1970-களில் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சுர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை இன விதைகள் கலந்துபோய், சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரலின் சிறு சிரைகள் அடைத்து வயிற்றில் நீர் கோர்த்தது. பலர் இறந்தார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1976-ல் அதை 'லான்செட்' இதழில் பதிவு செய்தார்கள். எனவே மோனோகுரோட்டலின் எலியின் வயிற்றில் நீர் இருந்தால் அதை இதயத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள், கல்லீரலையும் வெட்டிப் பாருங்கள்.

இதற்காக அந்த மாடலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. டோஸைக் குறைத்து 30 அல்லது 40 மில்லிகிராமில் போட்டால் பெரும்பாலும் கீழறை தடித்துத் தாக்குப்பிடிக்கும், 60-ல் தளரும். ஒரே விஷத்தில் இரண்டு நிலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது நல்ல வழி. கேள்வி அதுவாக இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வெறும் ஆக்சிஜன் குறைவு மாடலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலியையோ சுண்டெலியையோ 10 சதவீத ஆக்சிஜனில் மூன்று முதல் ஐந்து வாரம் வைத்தால் அழுத்தம் ஏறும், கீழறை தடிக்கும். ஆனால் பொதுவாகத் தளராது, சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்தால் பெருமளவு திரும்பிவிடும். செயலிழப்பை ஆராய இது மட்டும் போதாது. பெங்களூரில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இங்கே உண்டு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே சேம்பரில் 10 சதவீதம் என்று வைத்தால், அது சென்னையில் 9 சதவீதம் வைத்ததற்குச் சமம். கடலோர ஊர் லேபின் முடிவோடு ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுங்கள். கட்டுரையில் சதவீதத்தோடு அன்றைய காற்றழுத்தத்தையும் எழுதுங்கள்.

எலியில் தளராத இதயம், சில விலங்குகளில் உயரத்தாலேயே தளர்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மலைப் பண்ணைகளில் மாடுகளுக்கு மார்புப் பகுதி வீங்கி, வலது இதயம் செயலிழந்து சாகும் நோயை 1915-லேயே குளோவர், நியூசம் இருவரும் விவரித்தார்கள். மாட்டின் நுரையீரல் தமனிகளில் தசை அதிகம், ஆக்சிஜன் குறைந்தால் இறுக்கமாகச் சுருங்கும். லடாக்கில் இந்தர் ஆனந்தும் பீட்டர் ஹாரிஸும் யாக், மாடு, இரண்டின் கலப்பினங்களை ஒப்பிட்டு 1986-ல் வெளியிட்டார்கள். அதே உயரத்தில் யாக்கின் அழுத்தம் ஏறவில்லை. மனிதரும் இதற்கு விலக்கில்லை. 5,800 மீட்டருக்கு மேல் பல வாரங்கள் பணியில் இருந்த இந்திய வீரர்களுக்கு உடல் வீங்கி, வயிற்றில் நீர் கோர்த்து, வலது இதயம் விரிந்தது. கீழே இறக்கியதும் தேறினார்கள். 1990-ல் ஆனந்த் குழு அதை 'லான்செட்'டில் எழுதியது. சுமையை எடுத்ததும் வலது கீழறை மீளும் என்பதற்கு மனிதரிலேயே கிடைத்த சான்று இது. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதைத்தான் பார்க்கிறோம்.

கால்நடை மருத்துவராக நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கும் மாடல் ஒன்றும் இருக்கிறது: பிராய்லர் கோழி. வேகமாக வளரும் பிராய்லர்களுக்கு, உடல் கேட்கும் ரத்தத்தை நுரையீரலின் குறுகிய குழாய்கள் தாங்காமல் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் கோர்த்துச் சாவது பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். பறவையின் வலது பக்க வால்வு மனிதருடையதைப் போல மெல்லிய சவ்வு இல்லை, தசையால் ஆனது. கீழறை தடிக்கும்போது அந்த வால்வும் தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கி வழியும். அதனால்தான் கோழியில் செயலிழப்பு அவ்வளவு வேகமாக வருகிறது. மருந்து சோதிக்க இது பொருந்தாது. ஆனால் வால்வு கசிவுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விலங்கு எனக்குத் தெரிந்து இல்லை.

சீனியர் சொன்ன சுஜென்–ஹைபாக்சியாவுக்கு வருவோம். சுஜென் என்பது எஸ்யு5416 என்ற மருந்தை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர். புற்றுநோய்க்காக உருவாக்கிக் கைவிடப்பட்ட மருந்து அது. ரத்தக்குழாய் வளர்ச்சிக்கான விஇஜிஎஃப் ஏற்பியைத் தடுக்கும். 2001-ல் தாராசெவிசீன்-ஸ்டூவர்ட், ஃபோல்கெல் குழு இந்த மருந்தையும் ஆக்சிஜன் குறைவையும் சேர்த்தபோது, ஆக்சிஜன் குறைவில் மட்டும் வராத கடுமையான நோய் வந்தது. குழாயின் உட்சுவர்ச் செல்கள் முதலில் மடிந்து, தப்பியவை கட்டுப்பாடில்லாமல் பெருகிக் குழாயை அடைத்தன. வழக்கமான முறை: கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஒரே ஊசி, மூன்று வாரம் 10 சதவீத ஆக்சிஜன், அப்புறம் சாதாரணக் காற்றில் பல வாரம். சாதாரணக் காற்றுக்கு வந்த பிறகும் நோய் தொடர்கிறது, இதுதான் முக்கியம். 2010-ல் அபே குழு 13, 14 வாரம் வரை காத்திருந்து, மனித நோயாளிகளின் நுரையீரலில் தெரியும் பின்னல் முடிச்சுகளைப் போன்றவற்றை எலியிலும் காட்டியது. மோனோகுரோட்டலின் மட்டும் போட்ட எலியில் அவை வருவதில்லை.

இங்கேயும் இரண்டு குழி இருக்கிறது. முதலாவது, எஸ்யு5416 நுரையீரலோடு நிற்காது. இதயத் தசையின் நுண்குழாய்களுக்கும் அதே விஇஜிஎஃப் வேண்டும். மருந்தே இதயத்தைத் தொட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். அதனால் எஸ்யு5416 மட்டும் போட்டு சாதாரணக் காற்றில் வைத்த எலிகள், ஆக்சிஜன் குறைவு மட்டும் கொடுத்த எலிகள் என்று இரண்டு கட்டுப்பாட்டுக் குழுக்களும் கட்டாயம் வேண்டும். இரண்டாவது, எலியின் இனம். ஸ்பிராக்–டாலி எலிகள் பல லேப்களில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கின்றன. ஃபிஷர் இன எலிகள் சில வாரங்களிலேயே வலது இதயம் தளர்ந்து நிறையச் சாகின்றன என்று 2016-ல் கனடாவின் ஸ்டூவர்ட் குழு காட்டியது. அதே அளவு அழுத்தம் இருந்தும் ஃபிஷர் எலியின் கீழறையில் நுண்குழாய்கள் தேவைக்கேற்ப வளரவில்லை என்று பிறகு வந்த வேலை சொன்னது. 2009-ல் தாமிரத்தைக் குறைத்துக் காட்டியதை இங்கே இயற்கையே செய்து வைத்திருக்கிறது. உங்கள் கேள்வி செயலிழப்பைப் பற்றியது என்றால், இந்த இரண்டு இனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு முழு தீசிஸுக்குப் போதும்.

சுண்டெலியிலும் எஸ்யு5416-ஐ வாரம் ஒருமுறை போட்டு இதைச் செய்கிறார்கள், நோய் மிதமாகத்தான் வருகிறது. பரம்பரையாக இந்த நோய் வருவதற்குக் காரணம் என்று 2000-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிஎம்பிஆர்2 மரபணுப் பிழையைச் சுண்டெலியில் உருவாக்கிப் பார்த்தாலும் அப்படித்தான். மரபணுவின் வேலையை அறிய அவை உதவும், வலது இதயச் செயலிழப்புக்கு நான் சுண்டெலியை நம்ப மாட்டேன்.

பேண்டிங்கின் பெரிய பலம், நுரையீரலைக் கேள்வியிலிருந்து எடுத்துவிடுகிறது என்பது. நெஞ்சைத் திறந்து, நுரையீரல் தமனிக்குப் பக்கத்தில் ஒரு ஊசியை வைத்து, இரண்டையும் சேர்த்து நூலால் கட்டி, ஊசியை உருவிவிடுவார்கள். ஊசியின் பருமன்தான் துளையின் அளவு. எலிக்குப் பெரும்பாலும் 18 கேஜ். இளம் எலியில் கட்டினால் உடல் வளர வளர, கட்டு அப்படியே இருக்க, சுமை படிப்படியாகக் கூடும். மனித நோயும் படிப்படியாகத்தான் ஏறுகிறது என்பதால் நான் இளம் எலியையே விரும்புவேன். சுமை நிலையாக இருப்பதால், ஒரு மருந்து இந்த எலியின் கீழறையை மேம்படுத்தினால் அது இதயத்தில்தான் வேலை செய்திருக்க வேண்டும். கட்டை அவிழ்த்து மீட்சியையும் ஆராயலாம். குறை என்ன? நுரையீரல் நோயிலிருந்து வரும் அழற்சியும் மற்ற சமிக்ஞைகளும் இதில் கிடையாது. அறுவை செய்பவரின் கை மாறினால் முடிவும் மாறும். முதல் சில டஜன் எலிகளைக் கை பழகும் கணக்கில் வைத்து, ஆய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரிய விலங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றியில் இடது நுரையீரல் தமனியைக் கட்டி, வலது பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை பசையால் அடைத்து, நாட்பட்ட ரத்தக்கட்டி நோயைப் போன்ற நிலையை பிரெஞ்சு அறுவை நிபுணர்கள் உருவாக்கினார்கள். நுரையீரல் சிரையைக் கட்டினால் இடது இதய நோயால் வரும் வகைக்கு மாடல் கிடைக்கிறது. நம் நாட்டுக்கு இந்த இரண்டாவது மிகவும் தேவை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்தெல்லாம் பெங்களூரின் இதய மருத்துவமனைகளுக்கு வரும் நம் ஆட்களில், ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடது பக்க மைட்ரல் வால்வு சுருங்கி அதனால் நுரையீரல் அழுத்தம் ஏறியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாம் இதுவரை பேசிய எலிகள் எதுவும் அவர்களுடைய நோய்க்கான மாடல் இல்லை. எலியின் இதயம் நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் துடிக்கிறது, அதன் தசைப் புரதத்தின் வகையும் மனிதருடையதிலிருந்து வேறு. பன்றி, ஆடு நமக்கு நெருக்கம். செலவும் இடமும் பெரியது, ஒரு பிஎச்டிக்குள் அடங்காது.

மாடல்கள் மருந்து விஷயத்தில் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்றும் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். இமாடினிப் என்ற புற்றுநோய் மருந்து 2005-ல் எலியில் நோயைத் திருப்பிக் காட்டியது. 2013-ல் வந்த மனிதச் சோதனையில் நடக்கும் தூரம் கூடியது, ஆனால் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு உள்ளிட்ட கடுமையான பாதிப்புகளால் அது மருந்தாக வரவில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் எலியின் வலது கீழறைக்கு நல்லது செய்தன. கார்வெடிலால் சுஜென்–ஹைபாக்சியா எலியில், பிஸோப்ரோலால் மோனோகுரோட்டலின் எலியில். மனிதரில் பிஸோப்ரோலாலை ஒரு சிறு சோதனையில் கொடுத்தபோது இதயம் தள்ளும் ரத்தம் குறைந்ததே தவிரப் பலன் தெரியவில்லை. சொடாடர்செப்ட் என்ற புது மருந்து மட்டும் வேறு கதை. எலி மாடல் ஒன்றுக்கு மேற்பட்டதில், நோய் வந்த பிறகு கொடுத்து, கீழறைக்கும் பலன் காட்டியது. 2023-ல் வெளியான ஸ்டெல்லார் சோதனையில் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் ஒப்பீட்டுக் குழுவைவிட 40 மீட்டர் கூடியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு மருந்தை வைத்து விதி எழுத முடியாதுதான். இருந்தாலும் ஒரே மாடலில், அதுவும் நோய் வருவதற்கு முன்பே கொடுத்துப் பெற்ற பலனை நான் பலன் என்று எண்ணுவதில்லை.

சரி, செயலிழப்பு என்று எழுத என்ன காட்ட வேண்டும்? கீழறையின் எடை போதாது, அழுத்தம் போதாது. இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைந்திருக்க வேண்டும். கீழறை விரிந்து, நிரம்பும் நேரத்து அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். எலியின் நடையில், மூச்சில், எடையில், வயிற்று நீரில் அது தெரிய வேண்டும். கையில் அழுத்தம்–கொள்ளளவு கதீட்டர் இருந்தால் தசையின் வலுவையும் குழாயின் எதிர்ப்பையும் விகிதமாகப் பாருங்கள். இயல்பில் அது 1.5 முதல் 2 வரை இருக்கும், 0.8 அளவுக்குக் கீழே போனால் இதயம் சுமைக்கு ஈடுகொடுக்கவில்லை என்று சொல்லலாம். எக்கோவில் இடைச்சுவர் இடது பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வலது பக்கம் வீங்கினால் இடது கீழறை நிரம்பவே இடமில்லாமல் போகிறது, உடலுக்குப் போகும் ரத்தம் குறைவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அளவையில் நடக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். நோயுற்ற எலி எடை ஏறாது. அதனால் கீழறையின் எடையை உடல் எடையால் வகுத்தால் தடிப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பின் நீளத்தால் வகுங்கள். வலது கீழறையின் எடையை, இடது கீழறையும் இடைச்சுவரும் சேர்ந்த எடையால் வகுத்து எல்லோரும் போடும் ஃபுல்டன் விகிதத்திலும் இதே சிக்கல்: நோய் முற்றினால் இடது கீழறை சுருங்கி, விகிதம் தானாக ஏறும். இரண்டாவது, மயக்க மருந்து. கீட்டமின்–சைலசின் இதயத் துடிப்பை வெகுவாகக் குறைக்கும், ஐசோஃப்ளூரேன் தசையின் வலுவைக் குறைக்கும். தளர்ந்த இதயத்தில் இந்த விளைவு இன்னும் அதிகம். எல்லா எலிக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, துடிப்பு எண்ணிக்கையைப் பதிவு செய்வது, இவற்றில் தளர்வு கூடாது. எக்கோ எடுப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியவே கூடாது. பெண் எலிகளையும் சேருங்கள். மனிதரில் இந்த நோய் பெண்களுக்கு அதிகம் வருகிறது, ஆனால் அவர்களின் வலது கீழறை ஆண்களுடையதைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆண் எலிகளை மட்டும் வைத்து இதை ஒருபோதும் விளங்கிக்கொள்ள முடியாது.

உங்களுக்கு என் பரிந்துரை இது. சுஜென்–ஹைபாக்சியாவை முதன்மை மாடலாகவும், பேண்டிங்கை அதற்குத் துணையாகவும் எடுங்கள். முதல் மாடலில் நோயின் முழு வடிவம் கிடைக்கும், இரண்டாவதில் நுரையீரல் இல்லாத இதயம் கிடைக்கும். ஒரு மாற்றம் இரண்டிலும் தெரிந்தால் அது சுமையால் வந்தது. தளர்ந்த எலியில் மட்டும் தெரிந்தால் அதுதான் நீங்கள் துரத்த வேண்டியது. கைடு மோனோகுரோட்டலினை விடமாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள். இரண்டு டோஸில் செய்கிறேன், கல்லீரலையும் இடது கீழறையையும் சேர்த்து ஆராய்கிறேன், மருந்தை இரண்டு வாரம் கழித்துத் தொடங்குகிறேன் என்று கேளுங்கள். நியாயமான கைடு ஒத்துக்கொள்வார்.

விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது எலி சாகும் நாளை முடிவுப் புள்ளியாக எழுதாதீர்கள். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏ-வின் விதிகளின்படி வேதனையைக் குறைப்பது உங்கள் பொறுப்பு, மூச்சுத் திணறி வயிறு வீங்கிய எலியைச் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பதில் அறிவியல் லாபமும் இல்லை, செத்த பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது. எடை எத்தனை சதவீதம் குறைந்தால், மூச்சு எப்படி மாறினால், எத்தனை மணி நேரம் அசையாமல் இருந்தால் அன்றே கதீட்டர் போட்டு அளந்து முடிப்பது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். விலங்கின் முகத்தையும் நடையையும் பார்த்து நோயைக் கணிக்க உங்களுக்குக் கல்லூரியில் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். லேபில் மற்றவர்களிடம் அது இருக்காது. தினமும் காலையில் நீங்களே கூண்டுகளைப் பாருங்கள், அந்தக் குறிப்புகளைத் தரவாகவே பதிவு செய்யுங்கள்.